நாற்பது பிரதிகள்

ஒரு பக்கம் பத்து காசு.
நாளை இலக்கியத் தாள் என்பதால்
பிரிக்பீல்ட்ஸ் டியூசன் பிள்ளைகள்
மோனோரயில் தூண்வரை வரிசையில் நிற்கிறார்கள்.
என் இயந்திரம் காலையிலிருந்து
ஒரே நாவலை மென்றுகொண்டிருக்கிறது.
நாவலைக்கூட இல்லை,
யாரோ தயாரித்த அதன் அட்டவணையை.

படகு கவிழ்ந்து
அலையாத்திக் காட்டில் ஒதுங்கிய ஐந்து பிள்ளைகள்.
இடப்பக்கம் பாத்திரம், வலப்பக்கம் குறியீடு.

குடையை யாருக்கும் தராதவன்: அதிகாரம்.
மழைத்தண்ணீரைப் போத்தல் மூடியால் அளந்து ஊற்றுகிறவள்: சட்டம்.
கப்பல் தெரிகிறதென்று தினமும் பொய் சொல்கிறவன்:
நம்பிக்கை, மூன்று மதிப்பெண்.
சின்னவனை அடக்குகிறவன்: வன்முறை.
சின்னவன்:
அங்கே தாளின் மூலை கிழிந்திருக்கிறது.
அந்தச் சொல் எவன் புத்தகப்பையிலோ, எந்தக் குப்பைத்தொட்டியிலோ.

நாங்களும் ஐந்து பேர்தான்.
செந்தூல் ஃப்ளாட், பி பிளாக் லிஃப்ட்,
ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே.
மாலை நாலரைக்கு இடி இடித்து மின்சாரம் போனது.
தீவுக்குக் கடல் வேண்டுமென்று யார் சொன்னது.

யோகேஸ்வரியிடம் ஒரு கறிபாப் இருந்தது.
தடவித் தடவி ஐந்தாகப் பிய்த்தாள்.
முட்டை இருந்த துண்டு அவளிடமே தங்கிவிட்டது.
அவள் சட்டமா?
எனக்குத் தெரிந்து அவளுக்குப் பசி.

ஹஃபிஸ் மணிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.
செத்துப்போன மணி.
அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள்.

கோமளா சொன்னாள்:
எங்கப்பா பொம்பாவுல வேலை, இப்ப வந்துருவாரு.
அவளுக்கு அப்பா இல்லையென்று
பிளாக் முழுக்கத் தெரியும்.
ஆனாலும் நாங்கள் கேட்டோம்,
எத்தனை மணிக்கு?

தர்வினுக்கு நாலு வயது.
அழுதான்.
அழுதால் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடுமென்று
பதினொரு வயதில் எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.
வாயைப் பொத்தினேன்.
முதலில் மெதுவாக.
பிறகு மெதுவாக இல்லை.
உள்ளங்கையில் அவன் பல், எச்சில், மைலோ வாசம்.
உதைத்தான். பிறகு உதைக்கவில்லை.
அப்போதுதான் கையை எடுத்தேன்.
அவன் இழுத்த மூச்சின் சத்தம்
லிஃப்டைவிடப் பெரிதாக இருந்தது.
இருட்டு. யாரும் பார்க்கவில்லை.
அதனால் இன்றுவரை
என்னை யாரும் ஒரு சொல்லுக்கு எதிரே எழுதவில்லை.

ஏழு மணிக்குக் கதவை நெம்பினார்கள்.
தலைக்குமேல் ஒரு முழம் வெளிச்சம்.
தர்வினைத்தான் முதலில் தூக்கிக் கொடுத்தேன்.
‘சின்னவன நல்லா பாத்துக்கிட்டான்’ என்று
காவலாளி மறுநாள் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.
தின்றேன்.
கடைசியில் குச்சியையும் நக்கினேன்.

தர்வின் இப்போது சுபாங்கில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறான்.
தீபாவளிக்கு வரும்போது
பதினொரு மாடியும் படியேறுகிறான்.
ஒடம்புக்கு நல்லதுண்ணே, என்கிறான் திரும்பாமல்.
அவன் பின்னாலேயே நானும் ஏறுகிறேன்.
ஒவ்வொரு மாடியிலும் கேட்க நினைத்து
ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்குகிறது.

‘அண்ணே, நாப்பது.’
தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கிறேன்.
இயந்திரத்தின் மூடி உடைந்து இரண்டு மாதமாகிறது,
கையால்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
பச்சை வெளிச்சம் அடியில் ஊர்ந்து போகிறது,
திரும்பி வருகிறது.

எண்ணிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.
‘இங்க என்னமோ கறுப்பா விழுந்திருக்கு.’
கிழிந்த மூலை இருந்த இடத்தில்,
சின்னவனுக்கு எதிரே,
ரேகையோடு என் கட்டைவிரல்.
நாற்பதிலும்.

வேற அடிச்சுத் தரவா, என்றேன்.
‘பரவால்லண்ணே,
சின்னவன் பரீட்சையில வரமாட்டான்.’
நாலு ரிங்கிட்டை வைத்துவிட்டுப் போனாள்.